பழைய 6.2 பாய்: எவ்வளவு இழுத்தாலும் சுருக்கம் போகவில்லை, கிழிசலும் விழுந்துவிட்டது

மண்டபம்கரை:

எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்தில் வடகடல் பக்கம் இருக்கிறேன். மார்கழியில் விண்ட்சர்ஃபிங் (பாய் பொருத்திய பலகையில் காற்றோடு ஓடுவது) பழக ஆரம்பித்தேன், இப்போது சித்திரை. இங்கே இரண்டு சீசன் தங்கியிருந்த ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது பலகை, மாஸ்ட் (பாய்மரம்), பூம் (கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பு), பாய் எல்லாவற்றையும் ஒரு விலை பேசி எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அவர் போனபின் இங்கே கேட்க ஆள் இல்லை.

பாய் 6.2 சதுர மீட்டர். அடிமூலையில் அச்சடித்திருப்பது: லஃப் (மாஸ்ட் பக்க விளிம்பின் நீளம்) 456 செ.மீ., பூம் 187, மாஸ்ட் 430, ஐ.எம்.சி.எஸ். (மாஸ்ட்டின் விறைப்பு எண்) 21. என்னிடம் உள்ள மாஸ்ட்டும் 430தான், மெல்லிய வகை. பாயில் பெரும்பகுதி கண்ணாடி மாதிரியான மோனோஃபிலிம். கொஞ்சம் மஞ்சள் தட்டியிருக்கிறது.

என் பிரச்சினை இது. பாயைக் கட்டி நிறுத்தினால் மாஸ்ட்டிலிருந்து கிளூ மூலை (பூமின் பின்முனையில் கட்டும் மூலை) வரை குறுக்காகச் சுருக்கம் ஓடுகிறது. அவுட்ஹாலை (அந்த மூலையைப் பின்னால் இழுத்துக் கட்டும் கயிறு) எவ்வளவு இழுத்தாலும் போகவில்லை, இழுக்க இழுக்கக் கூடுகிறது. காற்று லேசாக இருந்தால் ஓட்டிவிடுகிறேன். கொஞ்சம் ஏறியதும் பின்கையில் பாரம் தாங்க முடியவில்லை. முன்னால் போகவேண்டிய பலகை காற்றைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது. அரை மணி நேரத்தில் முழங்கை விட்டுப்போகிறது. கரையில் நின்று பார்த்த நண்பன், பாய் மேலே விறைப்பாகப் பலகை மாதிரி நிற்கிறது என்றான். விறைப்பாக இருப்பது நல்லதுதானே என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவது, போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனபோது கட்டிய பாயை அப்படியே கரையில் சாய்த்து வைத்துவிட்டுப் போனேன். காற்று புரட்டி, பக்கத்தில் நின்ற பனை வடலி மேல் போட்டுவிட்டது. கருக்கு கிழித்து, பூமுக்கு மேலே உள்ள கண்ணாடித் துண்டில் அரைச் சாண் நீளத்துக்குக் கிழிசல். இதை ஒட்டலாமா, தைக்க வேண்டுமா? இந்தப் பாய் தேறுமா?

இங்கே புதுப்பாய் வாங்குவது என்பது என் இரண்டு மாத வருமானம். அதனால்தான் இவ்வளவு விவரமாகக் கேட்கிறேன்.

தீவுக்காரன்:

மோனோஃபிலிம் மஞ்சளாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்றுதான் அர்த்தம். ஒரு கிழிசலை ஒட்டினால் அடுத்த வாரம் பக்கத்தில் இன்னொன்று விழும். காசு சேர்த்து, கண்ணாடிக்குள் நூல் ஓடும் எக்ஸ்-பிளை வகைப் பாயாக வாங்குங்கள். பழையதற்குச் செலவழிக்காதீர்கள்.

பாயைவிட முக்கியமான ஒன்று. நீங்கள் மார்கழியில் பழகியது வாடையும் கொண்டலும், வடகிழக்குப் பக்கத்துக் காற்று. அது வடகடல் பக்கம் கரையை நோக்கி அடிக்கும். விழுந்தாலும் கரையில் கொண்டுவந்து சேர்க்கும். இனிமேல் வரப்போவது கச்சான், தென்மேற்குக் காற்று. அது உங்களைக் கரையிலிருந்து வெளியே தள்ளும். பின்கை தாங்காத பாயோடு இந்த மாதங்களில் வடகடலில் தனியாக இறங்க வேண்டாம். படகோடு ஒரு ஆள் கரையில் நிற்கட்டும்.

கப்பிக்கயிறு:

காற்றைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பாயைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள். நான் மாலத்தீவில் ஒரு விடுதியில் 9 வருடம் பாய் கட்டும் வேலை பார்த்தவன். தினமும் விடியற்காலையில் 14 பாய் கட்டி, சாயங்காலம் 14 பாயையும் அவிழ்க்க வேண்டும். மஞ்சளானது எல்லாமே செத்துப்போனது இல்லை.

தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். அதன் பிறகு பேசலாம்.

மாஸ்ட் அடியில் செருகும் எக்ஸ்டென்ஷனை எந்த எண்ணில் வைத்திருக்கிறீர்கள்? டவுன்ஹாலை, அதாவது பாயை மாஸ்ட்டின் அடியை நோக்கி இழுக்கும் கயிற்றை, முழுக்க இழுத்தபின், பாயின் அடியில் உள்ள கப்பிக்கும் எக்ஸ்டென்ஷன் கப்பிக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி? டவுன்ஹாலுக்குப் போட்டிருக்கும் கயிறு என்ன கயிறு?

பிறகு, கிழிசலுக்குப் பக்கத்தில் ஃபிலிமை இரண்டு விரலால் லேசாக மடக்கிப் பாருங்கள். மடங்கி, விட்டதும் திரும்பி வருகிறதா? அல்லது கரகரவென்று சத்தத்தோடு வெள்ளைக் கோடு விழுகிறதா?

மண்டபம்கரை:

அண்ணே, உடனே பதில் போட்டதற்கு நன்றி. இப்போதுதான் பாயை எடுத்துப் பார்த்தேன்.

எக்ஸ்டென்ஷன் 30இல் இருக்கிறது. அவர் வைத்துவிட்டுப் போன எண், நான் மாற்றவில்லை. முழுக்க இழுத்தபின் இடைவெளி நான்கு விரல். அதற்குமேல் அசையவில்லை. கயிறு, அவர் கொடுத்தது நைந்து போனதால் எங்கள் வீட்டு வலைக்கயிற்றில் ஒரு துண்டு வெட்டிப் போட்டேன். நைலான், 6 மி.மீ. இருக்கும். நல்ல பலமான கயிறு.

கிழிசல் பக்கம் மடக்கினேன். திரும்பி வருகிறது. ஆனால் தலைப்பக்கம், மேலிருந்து இரண்டு பேட்டனுக்கு (பாயின் குறுக்கே ஓடும் விறைப்புக் குச்சி) நடுவே உள்ள துண்டில் மட்டும் மடக்கினால் வெள்ளைக் கோடு விழுகிறது.

கப்பிக்கயிறு:

தம்பி, கோளாறு பாயில் இல்லை. அந்தக் கயிற்றில் இருக்கிறது.

நைலான் நீளும். வலைக்கு அந்த நீட்டம் வேண்டும். மீன் முட்டும்போதும் படகு தூக்கும்போதும் அறுந்துவிடாமல் கொடுத்து வாங்க வேண்டுமே. பாய்க்கு அதே குணம்தான் எமன். கரையில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்து இழுத்துக் கட்டியிருப்பீர்கள். தண்ணீரில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் கயிறு நனைந்து, நீண்டு, இரண்டு மூன்று செ.மீ. விட்டுக்கொடுத்திருக்கும். அதோடு 6 மி.மீ. அந்தக் கப்பிக்குப் பருமன். பள்ளத்தில் உட்காராமல் பக்கச்சுவரில் உரசிக்கொண்டு போகும். மேலே மூன்று, கீழே மூன்று என்று கயிறு ஓடுவதே நம் இழுப்பு ஆறு மடங்காகப் பாயில் இறங்கத்தான். உரசலிலேயே அதில் பெரும்பங்கு கரைந்துபோகிறது. நான்கு விரலுக்கு மேல் அசையாததற்குக் காரணம் அது.

4 மி.மீ. டைனீமா கயிறு, இரண்டு மீட்டர் வாங்குங்கள். நீளாது. முனையை மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கி, சூடு ஆறுமுன் ஈரத் துணியால் உருட்டிக் கூராக்கிவிடுங்கள், கப்பிக்குள் நுழைக்க எளிதாக இருக்கும்.

இனி டவுன்ஹால் ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். மாஸ்ட் இல்லாமல் பாயைத் தரையில் விரித்து, மாஸ்ட் நுழையும் உறையைத் தலையிலிருந்து அடிவரை பாருங்கள். அது நேர்கோடு இல்லை. வில்லைப் போல வளைத்து வெட்டியிருப்பார்கள். மாஸ்ட் நேராக இருக்கிறது. நேரான மாஸ்ட்டை அந்த வில்லுக்கு வளைத்துக் கொண்டுவருவதுதான் டவுன்ஹாலின் வேலை. வளைவு போதாவிட்டால் முன்பக்கம் துணி மிச்சமாக நிற்கும். அந்த மிச்சத்தை நீங்கள் அவுட்ஹாலால் பின்னால் இழுக்கிறீர்கள். அதுதான் மாஸ்ட்டிலிருந்து கிளூவுக்கு ஓடும் உங்கள் குறுக்குச் சுருக்கம். அவுட்ஹாலை இன்னும் இழுத்தால் இன்னும் கூடத்தான் செய்யும்.

பின்கை பாரமும் இதிலிருந்துதான் வருகிறது. டவுன்ஹால் சரியாக இறங்கினால் மேலே, தலையிலிருந்து இரண்டாவது மூன்றாவது பேட்டன் வரை, பாயின் பின்விளிம்பு தொளதொளவென்று ஆகிவிடும். புதிதாகப் பார்ப்பவர்களுக்குப் பயமாக இருக்கும், பாய் கெட்டுப்போய்விட்டதோ என்று. அப்படித்தான் இருக்க வேண்டும். காற்று திடீரென்று ஏறும்போது அந்தத் தொளதொளப்பான இடம் திறந்து, மிச்சக் காற்றை வெளியே விட்டுவிடும். உங்கள் பாயில் மேல்பக்கம் பலகை மாதிரி விறைத்து நிற்பதால் காற்று போக வழியில்லை. பாரம் பின்னால் நகர்ந்து பின்கையில் விழுகிறது, பலகை காற்றைப் பார்த்துத் திரும்புகிறது. உங்கள் முழங்கையில் பலம் குறைவு என்று இல்லை.

கட்டும் முறையைச் சொல்கிறேன். முதலில் தரை. நம் கரையில் உடைமுள்ளும் கருவேல முள்ளும் மணலுக்குள் கிடக்கும். வெறும் மணலில் விரிக்காதீர்கள். பழைய தார்ப்பாய் ஒன்றை அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்ட் பக்கம் காற்று வரும் திசையைப் பார்த்து இருக்கட்டும், கிளூ அதற்கு எதிர்ப்பக்கம். அப்போது காற்று அடியில் புகுந்து தூக்காது.

எக்ஸ்டென்ஷனை 26க்கு மாற்றுங்கள். 456இல் 430 போனால் 26. பாயில் அச்சடித்திருப்பது இந்தக் கணக்குக்காகத்தான். 30இல் வைத்தால் கப்பிகள் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல் போகும். 26இல் வைத்தால், கப்பியும் கப்பியும் ஏறக்குறைய முட்டும் இடமே நீங்கள் நிறுத்தவேண்டிய இடம். ஒரு விரல் இடைவெளி இருந்தால் போதும். கயிறு கப்பிகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழாமல் வரிசையாக ஓட வேண்டும். குறுக்கே விழுந்தால் கயிறு கயிற்றையே அறுக்கும்.

இழுக்கும்போது கையை நம்பாதீர்கள். மணலில் உட்கார்ந்து, எக்ஸ்டென்ஷனின் அடியில் ஒரு பாதத்தை வையுங்கள். கயிற்றின் முனையை ஒரு சாண் நீளக் கட்டையில் மூன்று சுற்று சுற்றிப் பிடித்துக்கொண்டு, காலை நீட்டித் தள்ளுங்கள். முதுகு வளையக்கூடாது. கயிற்றை உள்ளங்கையில் சுற்றவே கூடாது, டைனீமா சதையை அறுத்துவிடும். முதலில் முக்கால்வாசி இழுத்து நிறுத்துங்கள். பூமை மாட்டுங்கள், நின்று பார்த்தால் உங்கள் தோளுக்கும் தாடைக்கும் நடுவே இருக்கட்டும். அவுட்ஹாலைச் சும்மா இறுக்கம் தெரியும் அளவுக்கு மட்டும் கட்டிவிட்டுத் திரும்ப டவுன்ஹாலுக்கு வந்து மீதியை இழுங்கள். கடைசி 3 செ.மீ.தான் கடினம். அந்த 3 செ.மீ.யில்தான் பாய் இருக்கிறது. கடைசியாக அவுட்ஹால், தளர்வு போனபின் இரண்டு மூன்று செ.மீ. அவ்வளவுதான்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க பேட்டன்களின் முன்முனையைப் பாருங்கள். டவுன்ஹால் குறைவாக இருந்தால் முனை மாஸ்ட்டைத் தாண்டி அந்தப்பக்கம் முட்டிக்கொண்டு நிற்கும், திரும்பும்போது புரளாது. போதுமான அளவு இழுத்தால் முனை பின்வாங்கி மாஸ்ட்டின் பாதியில் வந்து நிற்கும். பேட்டன் உறைக்குக் குறுக்கே சின்னச் சின்னச் சுருக்கங்கள் மிச்சமிருந்தால் மட்டும் ஆலன் கீயால் அந்தப் பேட்டனை இறுக்குங்கள், சுருக்கம் மறையும் வரை.

இப்போது கிழிசல். மடக்கினால் திரும்பி வரும் ஃபிலிம் உயிரோடு இருக்கிறது. ஒட்டலாம். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். பாயை ஒரு சமமான பலகையின் மேல் விரித்து, கிழிசலின் இரண்டு விளிம்பையும் இடைவெளியில்லாமல் சேர்த்துவையுங்கள். மருந்துக்கடை ஸ்பிரிட்டால் இரண்டு பக்கமும் துடையுங்கள். கிழிசலின் இரண்டு நுனியிலும் சின்னதாக வட்டமாக ஓர் ஓட்டை போடுங்கள். கூரான நுனி மேலும் ஓடும், வட்டம் ஓடாது. பாய் ஒட்டுவதற்கென்று வரும் கண்ணாடி டேப்பை வெட்டும்போதும் அதன் மூலைகளை வட்டமாக்குங்கள், நாலு மூலையும் கூராக இருந்தால் அங்கிருந்துதான் உரியும். முதலில் ஒருபக்கம், பிறகு மறுபக்கம். கிழிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் 3 செ.மீ. போகட்டும். கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளியே தேய்த்துக் காற்றுக்குமிழியை வெளியேற்றுங்கள். பெட்டி ஒட்டும் டேப்பைப் போட்டுவிடாதீர்கள். நம் வெயிலில் அதன் பசை உருகி வழியும், அதன்மேல் பிறகு எதுவும் ஒட்டாது.

அரைச் சாண் கிழிசலுக்குத் தையல் வேண்டாம். ஃபிலிமில் நெருக்கமாகத் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை ஓட்டையாகி, அந்தக் கோட்டிலேயே பிய்ந்துவிடும். தையல் பிரிந்த இடத்துக்குத்தான் தையல். அதுவும் 4, 5 மி.மீ. நீளத் தையலாக, பாலியெஸ்டர் நூலில்.

தலைப்பக்கத் துண்டு வேறு கதை. வெள்ளைக் கோடு விழுகிறது என்றால் அது வெயிலில் வெந்துவிட்டது. அந்த ஒரு துண்டை மட்டும் எடுத்துவிட்டு வேறு துண்டு தைத்துக்கொள்ளலாம். அவசரம் இல்லை. சுருட்டும்போது அந்த இடத்தை மடங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் இந்த சீசன் ஓடும்.

வெயிலைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மாலத்தீவில் எங்கள் கொட்டகையில் ஒரே நாளில் பெட்டியிலிருந்து பிரித்த இரண்டு பாய், ஒரே அளவு. ஒன்று விருந்தாளிகள் கேட்டால் உடனே கொடுக்க வேண்டும் என்று காலை எட்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை கரையில் கட்டியபடியே கிடக்கும். இன்னொன்று பெரிய அளவு பலகையோடு மட்டும் போகும் என்பதால் பாதி நாள் கொட்டகைக்குள் இருக்கும். ஒரு வருடம் கழித்து முதல் பாயைச் சுருட்டும்போது என் கையிலேயே அப்பளம் மாதிரி நொறுங்கியது. இரண்டாவது, நான் வேலையை விட்டு வரும்போதும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே கடல், ஒரே காற்று, ஒரே உப்பு. அன்றிலிருந்து கரையில் வெறுமனே நிற்கும் பாயைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. சாப்பிடப் போனால் பாயை அவிழ்த்துவிட்டுப் போங்கள், அல்லது நிழலில் கிடத்துங்கள். அதுவும் முடியாவிட்டால் பூமைக் கழற்றி, டவுன்ஹாலைத் தளர்த்தி, சுருட்டித் தார்ப்பாயால் மூடுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்திருந்தால் வடலிக் கருக்கும் தொட்டிருக்காது.

அவிழ்க்கும் வரிசை தலைகீழ். முதலில் அவுட்ஹால், பிறகு பூம், கடைசியில் டவுன்ஹாலை மெதுவாக. பேட்டன் இறுக்கத்தைத் தொட வேண்டாம். நல்ல தண்ணீர் ஒரு குடம் ஊற்றிக் கழுவுங்கள். எங்கள் ஊர்ப்பக்கம் கோடையில் குடிதண்ணீருக்கே வண்டி வரவேண்டும், எனக்குத் தெரியும். முழுப்பாய்க்கும் இல்லாவிட்டால் கப்பி, பேட்டன் முனை, மாஸ்ட் உறையின் அடி, இந்த மூன்று இடத்துக்காவது ஊற்றுங்கள். நிழலில் காய்ந்தபின், தலையிலிருந்து ஆரம்பித்து பேட்டன்களுக்கு இணையாக உருட்டிக்கொண்டு வாருங்கள். மடிப்பே விழக்கூடாது. உப்பு காய்ந்த பாயைக் கழுவாமல் சுருட்டினால் அந்த உப்புப் பொடி ஃபிலிமுக்கு நடுவே மணல்தாள் மாதிரி தேய்த்துக்கொண்டே இருக்கும்.

என் தாத்தா வத்தையில் பாய் வைத்துப் போனவர். பருத்திப் பாய். எவ்வளவு அலுப்பாக வந்தாலும் ஈரத்தோடு சுருட்ட விடமாட்டார், விரித்துக் காயவைத்த பிறகுதான் கஞ்சிக்கே உட்காருவார். துணி மாறிவிட்டது, அந்தப் பழக்கத்தை நான் மாற்றவில்லை.

சோளகம்:

தம்பி, நான் யாழ்ப்பாணம், இப்ப இருபது வருடமாக நெதர்லாந்தில். நீங்கள் கச்சான் என்று சொல்வதை எங்கட பக்கம் சோளகம் என்போம், அதுதான் இந்தப் பெயர். ப்ரௌவர்ஸ்டாம் என்ற அணைக்கட்டில் ஓடுகிறனான். ஒரு பக்கம் இந்த ஊர் வடகடல், மறுபக்கம் க்ரேவலிங்கன் ஏரி. ஏரி என்றாலும் அதுவும் உப்புத் தண்ணிதான்.

கப்பிக்கயிறு அண்ணா பாயைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் மாஸ்ட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு ஒரு மாஸ்ட் அதில்தான் போனது.

எக்ஸ்டென்ஷனை ஒவ்வொரு முறையும் மாஸ்ட்டிலிருந்து கழற்றிக் கழுவுங்கள். கார்பன் மாஸ்ட்டும் அலுமினியமும் உப்புத் தண்ணியோடு சேர்ந்து இருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அந்தப் பொடி இடைவெளியை அடைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். நான் ஒரு கோடையில் இரண்டு கிழமை கழற்றாமல் விட்டேன். பிறகு அசையவில்லை. சுடுதண்ணி ஊற்றினேன், அது பிழை. கார்பன் சூட்டுக்கு ஏறக்குறைய விரியாது, உள்ளே இருக்கும் அலுமினியம் விரியும், அதனால் இன்னும் இறுகியது. கோபத்தில் சுத்தியலால் தட்டி மாஸ்ட்டின் அடியைப் பிளந்துவிட்டேன். செய்யவேண்டியது இதுதான்: ஒரு இரவு முழுக்க நல்ல தண்ணியில் ஊறவிட்டு உப்பைக் கரையுங்கள். அடுத்த நாள் எக்ஸ்டென்ஷனின் குழாய்க்குள் ஐஸ் கட்டிகளை நிரப்பி வையுங்கள். அலுமினியம் சுருங்கும். பிறகு ஒருவர் மாஸ்ட்டைப் பிடிக்க மற்றவர் முறுக்கி முறுக்கி இழுக்க வேண்டும்.

மாஸ்ட்டின் இரண்டு துண்டும் சேரும் இடத்திலும் மணல் போனால் இதே கதை. சேர்க்கும் முன் துணியால் துடைத்து, சேர்த்தபின் மூட்டின்மேல் கரண்ட் டேப் ஒரு சுற்று சுற்றுங்கள். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். சிக்கிவிட்டால் மூட்டுக்கு மேலே ஒரு பூம், கீழே ஒரு பூம் கவ்வவைத்து, இரண்டு பேர் எதிரெதிராகத் திருப்பினால் வந்துவிடும்.

இன்னொன்று, தீவுக்காரன் அண்ணா சொன்ன காற்று விஷயத்தோடு சேர்ந்தது. பலகையையும் மாஸ்ட்டையும் இணைக்கிற ரப்பர் மாதிரியான டெண்டனை இன்றைக்கே கையால் நாலு பக்கமும் வளைத்துப் பாருங்கள். மயிரிழை மாதிரி வெடிப்புத் தெரிந்தாலும் மாற்றுங்கள். வேறொருவர் பாவித்த சாமான், அது எத்தனை வருடமானது என்று உங்களுக்குத் தெரியாது. நடுக்கடலில் அது அறுந்தால் பாய் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். காற்று வெளியே தள்ளும் நாளில் பலகையை விட்டுவிட்டு நீந்தக் கூடாது, எது நடந்தாலும் பலகையோடு இருங்கள். டெண்டனுக்குப் பக்கத்தில் பாதுகாப்புக்கு ஒரு பட்டி இருக்க வேண்டும், அது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மண்டபம்கரை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கயிறு வரத் தாமதமாகிவிட்டது. சென்னையில் இருக்கும் மச்சான் 4 மி.மீ. டைனீமா வாங்கி, ஒட்டும் டேப்போடு சேர்த்து அனுப்பினான்.

சோளகம் அக்கா சொன்னபடி டெண்டனை வளைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் வெடிப்பு இருந்தது. மெல்லிய கோடு, வளைக்காவிட்டால் தெரியவே தெரியாது. பட்டியும் இல்லை. மச்சானிடம் திரும்பவும் சொல்லி டெண்டனும் பட்டியும் வந்த பிறகுதான் தண்ணீரில் இறங்கினேன். இதைச் சொல்லியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் படபடப்பாக இருக்கிறது. ரொம்ப நன்றி அக்கா.

எக்ஸ்டென்ஷன் 26. கட்டையில் சுற்றி, காலால் தள்ளினேன். முதல் பாதி சுலபமாக வந்தது. கடைசியில் அண்ணன் சொன்ன 3 செ.மீ.க்கு மாஸ்ட் கிறீச்சென்று சத்தம் போட்டது, உடைந்துவிடுமோ என்று நிறுத்திவிட்டேன். பிறகு மாஸ்ட்டை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்து, தைரியம் வந்து மீண்டும் தள்ளினேன். கப்பிகளுக்கு நடுவே சுண்டுவிரல் அளவு இடைவெளி. குறுக்குச் சுருக்கம் இருந்த இடமே தெரியவில்லை. மேலே பின்விளிம்பு தொளதொளவென்று ஆடியது. அண்ணன் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் திரும்பத் தளர்த்தியிருப்பேன்.

நேற்றுக் காலை ஆறரை மணிக்கு இறங்கினேன். சித்தப்பா மகன் வள்ளத்தோடு வெளியே நின்றான். கச்சான் மெதுவாகத்தான் ஆரம்பித்தது, ஏழு மணிக்கு மேல் ஏறியது. முன்பு இந்த அளவு காற்றில் பின்கையை விட்டுவிடுவேன். நேற்று ஒரு இழுப்பு வந்தது, தலைக்கு மேலே பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, கையில் பாரம் ஏறவே இல்லை, பலகை நேராக ஓடியது. திரும்பும்போது பேட்டன்கள் டப்பென்று புரண்டு அந்தப் பக்கம் போனதையும் முதல் தடவையாகக் கேட்டேன். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தும் முழங்கை வலிக்கவில்லை.

கிழிசலை ஒட்டியாகிவிட்டது. நுனி ஓட்டைக்கு, ஆணியைச் சூடாக்கி அழுத்தினேன், சுத்தமான வட்டம் வந்தது. அம்மாவின் குழம்புக் கரண்டியால் தேய்த்தேன். ஒரு குமிழிகூட இல்லை.

பாயைச் சுருட்டி வலைக்கொட்டகையின் விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். எங்கள் கொட்டகையில் எலி அதிகம், உப்பு வாடைக்கு வலையையே கடிக்கும், கீழே வைக்க மனசு வரவில்லை. தொங்கவிட்டால் நடுவில் தொய்ந்து மடிப்பு விழுமா என்று மட்டும் சொல்லுங்கள். கட்டிய பாயின் படம் ஒன்றும் போட்டிருக்கிறேன்.

கப்பிக்கயிறு:

படம் பார்த்தேன். அழகாகக் கட்டியிருக்கிறீர்கள் தம்பி, எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

மாஸ்ட்டின் கிறீச் சத்தம் உறைக்குள் துணி உரசுவது, பயப்பட வேண்டாம். தொங்கவிடுவதற்கு இரண்டு கயிறு போதாது. நீளமான மூங்கில் ஒன்றின்மேல் பாயைக் கிடத்தி, மூங்கிலோடு சேர்த்து மூன்று இடத்தில் துணிப் பட்டையால் கட்டித் தூக்குங்கள். தகரக் கூரையாக இருந்தால் கூரையிலிருந்து ஒரு முழம் இறக்கியே கட்டுங்கள், ஓலையாக இருந்தால் கவலையில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் மேலிருந்து மூன்றாவது பேட்டன் உறையில் இன்னும் இரண்டு சின்னச் சுருக்கம் தெரிகிறது. ஆலன் கீ, ஒன்றரைச் சுற்று. அதற்குமேல் போகாதீர்கள்.